ஜாயிண்ட் போட்டோ

என் வீட்டுக்காரர் அரங்கநாதன் செத்த பிறகுதான் தெரிந்தது, அவருக்கென்று ஒழுங்காக ஒரு போட்டோ கூடக் கிடையாது என்று. படத்திறப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது, திறப்பதற்குப் படம்தான் இல்லை. மகன் ராஜ்குமார், ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் ஆளே தெரியவில்லை என்று, கல்யாண ஆல்பம், காதுகுத்து ஆல்பம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துத் தேடினான். எதிலும் அப்பா இல்லை. இருந்தால் முதுகு, இல்லாவிட்டால் சாம்பார் வாளி பிடித்த கை.

எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எந்த விசேஷமானாலும் அந்த மனிதர் பந்தியில்தான் நிற்பார். போட்டோக்காரர் கூப்பிட்டால், "நீங்க எடுத்துக்கினு இருங்க, பந்தி முடியட்டும், வர்றேன்" என்பார். பந்தி முடிவதற்குள் போட்டோக்காரர் மூட்டை கட்டியிருப்பார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவரை வருஷத்துக்கு ஒரு லீவு. அதிலும் பாதி, கெடார் கிராமத்தில் அவர் அப்பாவின் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்குவதிலேயே போய்விடும். பட்டாளத்தை விட்டு வந்ததும் திண்டிவனத்தில் போர்வெல் மோட்டார் கடை போட்டார். மோட்டார் எரிந்துபோச்சு, பயிர் காயுது என்று யாராவது போன் செய்தால் போதும், சோற்றில் கை வைத்தவர் எழுந்து போய்விடுவார். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பேத்தி காதுகுத்து, எதிலும் ஒரு குறை வைத்ததில்லை. குடும்பத்துக்காகவே வாழ்ந்தார் என்று ஊரே சொல்கிறது. நான் மட்டும் இல்லை என்றா சொல்கிறேன்? குடும்பத்தோடு கொஞ்சம் உட்காரத்தான் அவருக்கு நேரமில்லை.

கடைசியில் ஒரே ஒரு போட்டோ கிடைத்தது. பென்ஷன் பேப்பரில் என் பெயர் தப்பாக இருக்கிறது, திருத்த வேண்டுமானால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எடுத்த ஜாயிண்ட் போட்டோ வேண்டும் என்று சில வருஷங்களுக்கு முன் கேட்டார்கள். விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தோம். எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க சர்க்காரே உத்தரவு போட வேண்டியிருந்தது. "சிரிச்சித் தொலைக்காத வெள்ளையம்மா, பேங்க்ல ஒத்துக்க மாட்டான்" என்று அவர் வாயைத் திறக்காமல் சொன்னதில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு மத்தியானம் ஒரு ஓட்டலில் தோசை வாங்கிக் கொடுத்தார். பிள்ளை குட்டி இல்லாமல் நாங்கள் மட்டும் ஓட்டலில் சாப்பிட்டது அதுதான். போன் அடித்துக்கொண்டே இருந்தும் அவர் எடுக்கவில்லை. நான் தோசையை வேண்டுமென்றே மெதுவாகத் தின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் படம் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இருக்கும் என்று ராஜ்குமார் என்னையும் காரில் அழைத்துப் போனான். ஆர்த்தி என்று ஒரு பெண் அங்கே வேலை செய்கிறாள். தேடி எடுத்துவிட்டாள். திரையில் எங்கள் இருவரையும் பார்த்ததும் நாற்காலியை இழுத்துக் கிட்டத்தில் போட்டுக்கொண்டேன். ஆர்த்தி அவர் தோளைச் சுற்றி ஒரு கோடு இழுத்தாள். பட்டென்று நான் காணாமல் போனேன். அப்புறம் அவர் கழுத்துக்குக் கீழே ஒரு மிலிட்டரி உடம்பைக் கொண்டுவந்து ஒட்டினாள். தோளில் சிங்கம், நட்சத்திரம், நெஞ்சு நிறைய மெடல்.

"யாருப்பா இது?" என்றேன்.

"அப்பாதாம்மா."

"உங்கப்பா ஹவில்தாரு. கையில மூணு பட்டைதான். இந்த ஆளு கர்னலு மாதிரி இருக்கறாரு."

"அதையெல்லாம் யாரும்மா பாக்கறாங்க? கெத்தா இருக்குது இல்ல?"

நான் ஆர்த்தியிடம் கேட்டேன். "ஏம்மா, என்ன வெட்டாம அப்பிடியே போட முடியாதா?"

அவள் ராஜ்குமாரைப் பார்த்தாள்.

"உசுரோட இருக்கறவங்க படத்துக்கு யாராச்சும் மாலை போடுவாங்களாம்மா? பேஜாரு பண்ணாத" என்றான் அவன்.

"நீங்க எல்லாம் மாட்டிட்டுப் போயிடுவீங்க. தெனமும் பாத்துக்கினு கெடக்கப் போறது நானு."

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அப்பாவிடமிருந்து அதை மட்டும் நன்றாகக் கற்றிருந்தான்.

படத்திறப்பு அமர்க்களமாக நடந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர் ஜெகதீசன் திரையை விலக்கினார். பேச வந்தவர்களில் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம மேஜர் அரங்கநாதன்" என்று ஆரம்பித்தார். அடுத்தவர் கர்னலாகவே ஆக்கிவிட்டார். செத்த பிறகு இவ்வளவு சீக்கிரம் புரமோஷன் வாங்கிய ஆள் இவராகத்தான் இருப்பார். இதை அவரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாரே என்று பக்கத்தில் திரும்பினேன். யாரோ ஒரு உறவுக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். அப்போது அழ ஆரம்பித்தவள்தான் நான், பந்தி முடிகிறவரை நிறுத்தவில்லை.

எல்லோரும் போனார்கள். மகள் கலைப்பிரியா சென்னைக்கு, ராஜ்குமார் பெங்களூருக்கு. இரண்டு பேரும் கூப்பிட்டார்கள், நான்தான் போகவில்லை. கூடத்தில் நானும் அந்த ஆபீசரும் மிஞ்சினோம். முன்பும் நான் இந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அது ஆள் வரப்போகிற வீடு. சோற்றை மூடி வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே காத்திருக்கலாம். இப்போது யாரைத் திட்டுவது? படத்தைப் பார்த்துத் திட்டலாம் என்றால் கர்னலைத் திட்ட வாய் வரவில்லை. அவர் முன்னால் கூடத்தில் கால் நீட்டிப் படுக்கக் கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்படியே போனால் என் வீட்டுக்காரர் முகமே எனக்கு மறந்துவிடும் என்று பயம் வந்தது.

ஒரு காலையில் பஸ் ஏறி விழுப்புரம் போனேன்.

"வெட்டாதது ஒண்ணு பெருசா போட்டுக் குடும்மா" என்றேன்.

ஆர்த்தி தயங்கினாள். "அண்ணன் திட்டுவாருங்களே."

"அவன் திட்டினா நான் பாத்துக்கறேன். போடு."

கர்னலை மோட்டார் கடைக்கு அனுப்பிவிட்டு, இதை அதே ஆணியில் மாட்டினேன். அன்றைக்கு ராத்திரி அவரை ஆசை தீரத் திட்டினேன்.

மாதா மாதம் படைக்கிற மாசியத்துக்கு வந்த ராஜ்குமார் வாசலிலேயே மாலையோடு நின்றுவிட்டான். அவன் முகம் சுருங்கியது.

"என்னாம்மா இது? இதுக்கு எப்பிடிம்மா மாலை போடறது?"

"இப்ப போடாத."

"பின்ன?"

"நானும் போன அப்புறம் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மாலையா, பெருசா வாங்கிப் போடு. அது வரைக்கும் நாங்க சும்மா உக்காந்துக்கினு இருக்கறோம்."

மாலையைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பையில் அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான்.

"ஆபீசும்மா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வெளியே போனான்.