மூன்று மணிச் செய்தி

எங்கள் ஆபீஸ் தளத்தில் இருபது மேசைகள். ஆள் நான் ஒருவன்தான். மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். டெஸ்ட் மெஷின்களை யாராவது நேரில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். குடும்பம் குட்டி இல்லாதவன்தானே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பேச ஆளில்லாமல் காபி மெஷினோடு சண்டை போடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

தினமும் மூன்று மணிக்குப் புது மென்பொருள் தானாக இன்ஸ்டால் ஆகிச் சோதனை ஓடும். அதைச் செய்யவைக்கும் கட்டளைத் தொகுப்பு, அதாவது ஸ்கிரிப்ட், நான் எழுதியது. நான்கு விவரங்களை வரிசை மாறாமல் கொடுக்க வேண்டும்: மெஷின் பெயர், மென்பொருள் வந்துசேர இடையில் நிற்கும் சர்வர், என் போன் எண், அவசரத்துக்கு ஓர் உறவினர் எண். தோல்வி என்றால் மூன்றாவதாக வரும் எண்ணுக்கு என் பெயரில் குறுஞ்செய்தி போகும். செய்தி வராவிட்டால் எல்லாம் சரி. உறவினர் எண் அக்காவுடையது.

அக்காவோடு பேசி இரண்டு வருடமாகிறது. அவள் மகள் கல்யாணத்தன்று மென்பொருள் ரிலீஸ் இருக்கிறது என்று சொல்லி, தாய்மாமன் நான் போகவில்லை. அதன்பின் அவளும் கூப்பிடவில்லை, எனக்கும் கூப்பிட முகமில்லை. எண்ணை ஸ்கிரிப்டிலிருந்து எடுக்க மட்டும் மனசு வரவில்லை.

போன வியாழக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"பத்தொன்பது நாளா 'தோல்வி, உடனே வந்து பார்க்கவும்'னு அனுப்புறியே, என்னடா ஆச்சு? பை எடுத்து வச்சிட்டேன். சாயங்கால வண்டிக்குக் கிளம்புறேன்."

பிழை எங்கே என்று தேடும் பாழாய்ப்போன புத்தி முந்திக்கொண்டது.

"அது நான் இல்லக்கா. மெஷின் அனுப்புறது."

"மெஷினா? நீதான் கூப்பிடுறேன்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தேடியதில் தப்பு என்னுடையது. இடை சர்வர் இனி தேவையில்லை என்று அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். காலி என்று காட்ட இரண்டு மேற்கோள் குறி போட வேண்டும், போடவில்லை. பின்னால் இருந்த எண்கள் ஓரிடம் முன்னால் நகர்ந்துவிட்டன. என் எண் சர்வர் இடத்தில் உட்கார்ந்து இன்ஸ்டாலைக் கெடுத்தது. அக்கா எண் என் இடத்துக்கு வந்தது. தினமும் தோல்வி, நானோ செய்திதான் வரவில்லையே என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா விஷயத்திலும் இரண்டு வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

குறிகளைப் போட்டேன். மறுநாள் சோதனை தேறியது. மூன்று மணிக்கு யாருக்கும் எதுவும் போகவில்லை. பத்தொன்பது காலி மேசைகளைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இதைவிடத் தனியாக நான் இருந்ததில்லை. பிறகு போனை எடுத்து நானே தட்டினேன்.

"தோல்வி. உடனே வந்து பார்க்கவும். இந்தத் தடவை நான்தான்க்கா."