பிடித்துத் தைத்த மலை

மலைப் பூங்காவில் ஏரிக்குப் போகும் பாதை ஒரு கோடைகாலத்தில் பாதியாகக் குறைந்தது. குறைத்தவள், நகரத்தில் ஆல்டரேஷன் கடை வைத்திருந்த ஒரு தையல்காரி. அவளிடம் ஒரு சாக்கு ஊசியும், கூடாரக் கயிற்றிலிருந்து உருவிய நூலும்தான் இருந்தன. கடையில் அவள் எதையும் வெட்டுவதில்லை. பேண்ட் நீளம் என்று வருபவர்களுக்கு மடித்துத் தைத்துவிட்டு, மிச்சத் துணியை உள்ளேயே விட்டுவிடுவாள். பிள்ளைகள் வளர்வார்கள், பெரியவர்கள் இளைப்பார்கள், மறுபடி ஊதுவார்கள், எதற்கும் துணி இருக்கட்டும் என்பது அவள் கட்சி. இந்த நல்ல பழக்கம் மட்டும் இல்லாமலிருந்தால் அந்த மலை என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மாடி ஏற்றிவிட்ட மனிதர். கல்யாணமான புதிதில், ஏரிக்கரையில் ஒரு ராத்திரியாவது கூடாரம் போட்டுத் தங்குவோம் என்று அவளிடம் சொல்லியிருந்தார். வேலை, மகளின் படிப்பு, மழை என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்தது. கடைசியில் நெஞ்சு ஆபரேஷன் வந்தது. அதன் பிறகு வீட்டில் அவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் கேனைத் தூக்கினால் மகள் பிடுங்கிக்கொள்வாள். இருமினால் அடுத்த அறையில் தையல் மெஷின் நின்றுவிடும். அவசரப்படாமல் நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே அவர் கூடாரத்துக்குச் சொல்லிவைத்துவிட்டார். தன் காலால் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் தான் பழைய ஆள், சேராவிட்டால் முடிந்துபோன ஆள் என்று மனதுக்குள் தீர்மானம் செய்திருந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்குத் தனியாகச் சொல்லவா வேண்டும்?

முதல் நாள் நன்றாகவே நடந்தார். ஓடைக்குப் பக்கத்தில் கூடாரத்தைத் தானே நிறுத்தி, உள்ளே போய்த் தாராளமாகக் குறட்டை விட்டார். இரண்டாம் நாள் மூச்சுவாங்கி என்று எல்லோரும் அழைக்கும் ஏற்றம் வந்தது. மதியத்துக்குள் நான்கு முறை உட்கார்ந்தவர், ஐந்தாவது முறை ஷூவைக் கழற்றிவிட்டார். "இந்த இடமே நல்லாத்தான் இருக்கு. இதையே ஏரின்னு வெச்சுக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. அவர் கூடாரத்துக்குள் கண்ணயர்ந்ததும் வெளியே வந்து, தொளதொளவென்று சட்டை போட்டு வந்த வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல மலையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குனிந்து பாதையை இரண்டு விரலால் கிள்ளி இழுத்தாள். புல்லும் கல்லுமாக அது வந்தது. ஜீன்ஸ் துணியைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். மடிப்பு மடிப்பாகப் பிடித்து நூலோட்டிக்கொண்டே போனாள். அவர் எழுந்து டீ கேட்டபோது கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பாதையின் குறுக்கே வெள்ளை நூல் ஓடுவதை அவர் பார்த்தார்.

"இது உன் தையல்தானே?"

"ஆமா."

"என்னை ஏமாத்தப் பார்க்கறியா?"

"நடக்கப்போறது நீங்கதானே. அளவு பெருசா இருந்துச்சு, பிடிச்சுக் குடுத்திருக்கேன். நீங்க இளைச்சப்போ இந்தச் சட்டையையும்தான் பிடிச்சேன். போட்டுக்கலையா?"

அவர் சட்டையின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டார். சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் இருவரும் ஏரிக்கரையில் இருந்தார்கள். அவர் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

சிக்கல் விசில் ரூபத்தில் வந்தது. எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே ரோந்து போவதால் அந்த வனக்காவலருக்கு விசில் என்று பெயர். அன்று வழக்கமான பாட்டுகளில் பாதிகூட முடிவதற்குள் ஏரி வந்துவிட்டதே என்று அவர் கடுப்பில் இருந்தார். விதிமுறைப் பலகையில் பூப்பறிக்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது என்றெல்லாம் இருந்ததே ஒழிய, தைக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. எதையும் வெட்டவில்லை, நூலை இழுத்தால் பழையபடி ஆகிவிடும் என்று அவள் காட்டினாள். விசில் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார், நெஞ்சுத் தழும்பைப் பார்த்தார், கொடுத்த டீயைக் குடித்தார். வருஷத்துக்கு ஒரு மடிப்பையாவது வந்து பிரித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படியே நடந்தது. ஒவ்வொரு கோடையிலும் அவள் ஒரு மடிப்பைப் பிரித்தாள், அவர் அந்த அளவு கூடுதலாக நடந்தார். முதல் மடிப்பிலிருந்து ஒரு காட்டாடு, போன வருஷம் வாயில் வைத்த புல்லை மென்றபடியே வெளியே வந்து, யாரையும் கண்டுகொள்ளாமல் போயிற்று. தூரப்பலகைக்கு வருஷாவருஷம் புது எண் எழுதினார்கள். மலை நீள நீள மெக்கானிக்கின் சட்டைகளையும் பிரித்துவிட வேண்டியிருந்தது. வீட்டில் தண்ணீர் கேனைப் பிடுங்குவதை மகள் எப்போதோ விட்டிருந்தாள்.

கடைசி மடிப்பைப் பிரிக்க வந்த வருஷம் விசில் அவர்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். சீட்டியடிக்க மூச்சில்லை. அவள் பிளேடை எடுத்ததும் நூலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"இதை மட்டும் விட்டுடுங்கக்கா" என்றார். "எனக்கு முட்டி சரியில்ல."

அவள் கணவரைப் பார்த்தாள்.

"வெக்கப்படாதீங்க சார்" என்றார் மெக்கானிக். "நானும் இந்தப் பாதையிலதான் ஏறினேன்."

அவள் பிளேடை உள்ளே வைத்துவிட்டு ஊசியை எடுத்தாள். நூலோட்டியிருந்த இடத்தின் மேலேயே இரட்டை நூலில் அழுத்தமாக ஒரு தையல் போட்டு, முடிச்சிட்டுப் பல்லால் கடித்தாள். மெக்கானிக் தன் மூட்டையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, விசிலின் பையை வாங்கி மறு தோளில் போட்டுக்கொண்டார். விசில் வேண்டாம் என்று கையை நீட்டினார், ஆனால் மெக்கானிக் அதற்குள் முன்னால் போய்விட்டார்.