ஆராட்டு அன்று சேர்த்த டிஸ்க்குகள்

ஆராட்டு அன்று, கோயில் சாமியைக் கடலில் நீராட்ட ஊர்வலமாகக் கொண்டுபோகிற நாளில், மத்தியானத்துக்கு மேல் அந்த மலையாள ஊரே லீவு. பழவங்காடிப் பக்கம் மூன்றாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன கம்பெனியில் தங்கபாண்டி மட்டும் மிச்சம். மற்றவர்கள் ஊர்வலம் பார்க்கவோ, ரோட்டை அடைப்பதற்குள் வீடு சேரவோ கிளம்பிவிட்டார்கள். யாராவது ஒருத்தர் வாசலில் நின்று "வரலயாடா?" என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தான். கேட்டிருந்தாலும் போயிருக்க முடியாது, வேலையை இன்றைக்கு வைத்துக்கொண்டவனே அவன்தான். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சேமித்துக் கொடுப்பதுதான் கம்பெனிக்குச் சோறு போடுகிற வேலை. ஆறு சர்வர்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று நகல், மூன்றும் வேறு வேறு சர்வரில். ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டு காப்பாற்றும். எல்லாமே சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க்குகள். படம் திறக்க நேரமாகிறது என்று டாக்டர்கள் சத்தம் போட்டதில் முதலாளி மஹேஷ் வேகமான புது ரக டிஸ்க், எஸ்.எஸ்.டி., கொஞ்சம் வாங்கித் தந்தார். மூன்று நகலுக்கும் அது காணாது. அதனால் ஒரு நகல் எஸ்.எஸ்.டி.யில், இரண்டு பழையதில். படம் கேட்டால் எஸ்.எஸ்.டி. எடுத்துக் கொடுக்கும், பழையவை பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

"நாளைக்கு காலைல ஓ.பி. தொறக்கறதுக்குள்ள முடிச்சுடு," என்றிருந்தார் மஹேஷ், கொச்சிக்குக் கிளம்பும் அவசரத்தில். "ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு கம்ப்ளைன்ட் எனக்கு வரப்படாது. வரலைன்னா திங்கட்கிழமை உன்னை பெர்மனென்ட் பண்ணிடறேன். வந்துதுன்னா, நீயே பாத்துக்கோ."

ஆராட்டு அன்று ஓ.பி. கிடையாது, ஆஸ்பத்திரி காலியாக இருக்கும், அன்றைக்கே செய்துவிடலாம் என்று நாள் குறித்தவன் தங்கபாண்டி. போனைப் பார்த்துக்கொண்டே "ஆ, ஓகே" என்றுவிட்டார் அவர்.

புது டிஸ்க்குகளைச் சர்வர்களோடு சேர்த்து, எந்த நகல் எங்கே என்கிற விதியை மாற்றி எழுதி, என்டரைத் தட்டினான். ஆறு சர்வரும் ஒன்றுக்கொன்று படங்களை அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தன. பழைய டிஸ்க்குகள் கரகரவென்று இரைந்தன. கொடுக்க வேண்டியவை அவைதானே. திரையில் பாக்கி எண்ணிக்கை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

போன் அடித்தது.

"மோனே, எக்ஸ்ரே ரூம்லேர்ந்து ஓமனா. படம் வரல்ல. சக்கரம் சுத்திட்டே இருக்கு. டாக்டர் என் தலைல ஏறுது."

"இன்னைக்கு ஓ.பி. லீவுன்னுல்லா நெனச்சேன், சேச்சி?"

"ஓ.பி. லீவு. கேஷுவாலிட்டி ஏது லீவு? நீ எந்த ஊரு?"

"சங்கரன்கோயில் பக்கம்."

"அதான். ஆராட்டுக் கூட்டத்துல விழுந்தவன், மயங்குனவன், மதில்ல ஏறி கைய ஒடிச்சவன் எல்லாம் இங்கதான் வரும். வருஷா வருஷம் இதே பாடு."

இந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கிற அளவுக்கு யாரோடும் அவன் பழகவில்லை.

"ஒரு நிமிசம் பொறுங்க." பழைய டிஸ்க்குகள் நகல் கொடுப்பதிலேயே மூழ்கியிருந்தன, நகல் போவதை நிறுத்தினான். இரைச்சல் அடங்கியது. "இப்ப பாருங்க."

"ஹா, வந்துது. கை ஒடிஞ்சுதான் போச்சு, பாவம்."

திரும்ப ஓடவிட்டால் அடுத்த படம் நின்றுவிடும். வேகத்தைக் குறைத்தால் காலைக்குள் முடியாது. அவள் மஹேஷைக் கூப்பிட்டுவிட்டால் திங்கட்கிழமை பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இருக்கிற ஒரே வழியை அவள் சிரித்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே சொன்னான்.

"சேச்சி, படம் தொறக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் அடிக்கியளா? நா நிறுத்துதேன். பாத்து முடிச்சதும் சொல்லுங்க, விடுதேன்."

"நீ என்ன, ரயில்வே கேட்டா?"

"கிட்டத்தட்ட அதேதான் சேச்சி."

அவள் சிரித்தாள். ஆனால் செய்தாள். "நிறுத்து மோனே" என்பாள், நிறுத்துவான். "விடு" என்பாள், விடுவான். இடையில் கதையும் வரும். வெடி வெடித்ததில் காது அடைத்துப்போன கிழவர் ஸ்கேனுக்கு வந்து ஓமனாவையே செவிடி என்று திட்டினாராம். தங்கபாண்டி வாய்விட்டுச் சிரித்தான். இந்த ஊருக்கு வந்தபிறகு அப்படிச் சிரித்த ஞாபகம் அவனுக்கு இல்லை.

நடுவில் தங்கச்சி செண்பகவல்லி கூப்பிட்டாள். "அண்ணே, சாப்டியா? லைன் பூரா பிசியாவே இருக்கே, யாருட்ட பேசுத?"

"வேல சம்பந்தமாத்தான். லைன் வேணும், வையி."

"ம்ம், வேல..." என்று அவள் இழுப்பதற்குள் வைத்துவிட்டான்.

இருட்டியபின் ஓமனா சொன்னாள், "என் டூட்டி கழிஞ்சுது மோனே. இனி ஜெயஷீலா. அதுகிட்ட உன் ரயில்வே கேட்டு விஷயமெல்லாம் சொல்லிட்டேன். நீ போய் சோறு எதாவது கழிக்கணும், கேட்டியா."

"சரி சேச்சி. நாளைக்கு..." என்று தொடங்கினான். நாளைக்கு என்ன என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் வைத்துவிட்டாள்.

நகலை ஓடவிட்டு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அடிக்கவில்லை. ஜெயஷீலா சொல்லாமலே படத்தைத் திறந்து, சக்கரம் சுற்றி, நேரே மஹேஷுக்குப் போட்டுவிட்டாளோ? பொறுக்க முடியாமல் அவனே கூப்பிட்டான்.

"மேடம், தங்கபாண்டி பேசுதேன். படம் தொறக்க முன்னால என்னைக் கூப்பிடச் சொல்லி..."

"ஆ, ஓமனா சேச்சி சொன்னுது. எதுக்கு விளிக்கணும்? தொட்டதும் வருதே. முன்னாடி இத்ர ஸ்பீடு இல்லா."

திரையைப் பார்த்தான். முக்கால்வாசிக்கு மேல் எஸ்.எஸ்.டி.க்குப் போயிருந்தது. கேட்டவுடன் அதுவே எடுத்துக் கொடுக்கிறது. நிறுத்தவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

"எதாவது பிரச்சினைன்னா நா இங்கதான் இருக்கேன் மேடம்."

"ஒரு பிரச்சினையும் இல்லா. வைக்கட்டே?"

பாக்கி இருந்ததும் முடிந்தது. மஹேஷுக்குச் செய்தி அனுப்பினான். 'சூப்பர். கம்ப்ளைன்ட் ஒண்ணும் இல்லை. திங்கட்கிழமை பார்ப்போம்' என்று பதில் வந்தது.

வேலை நிலைத்துவிட்டது. இனி இந்த ஊர்தான். இனி யாரும் கூப்பிடத் தேவையில்லை என்று தெரிந்தும் தங்கபாண்டி போனை சார்ஜில் போட்டு, மணிச் சத்தத்தை முழுதாகக் கூட்டிவைத்துவிட்டு, சர்வர்களுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.