தாமாக முன்வந்தார்

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் எழுதிய ஒரு வரி.

1983-ஆம் வருஷம், ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெரு நலச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதினேன்: “குழாயடியைக் கவனித்துக்கொள்ளத் திருமதி முப்பிடாதியம்மாள் தாமாக முன்வந்தார்.” அதற்கு முன் நான் எதையும் எழுதியதில்லை. வெறும் வாசகன். எழுதிய முதல் வரியே பொய்யாகிவிட்டது. அதைத் திருத்தத்தான் இத்தனை வரிகள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “அந்த வருஷம் சங்கரன்கோவிலில் மழை

(விட்டுவிட்டேன். மழையைக் குற்றவாளியாக்கினால் நான் தப்பித்துவிடுவேன்.)

பிறகு இப்படி: “முப்பிடாதியம்மாள் எழுந்து நின்றார். ஏனென்றால்

(இந்த வாக்கியம் பல நாளாக இப்படியே கிடக்கிறது. ஏன் எழுந்தார் என்பது எனக்குத் தெரியாது.)

ஆகவே, பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

3

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. எங்கள் தெருவிலிருந்த விசைத்தறிக் கூடத்தில் பாய் விரித்துக் கூட்டம் போட்டோம். தலைவர் சண்முகையா அண்ணாச்சி, வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைச் செயலாளராக்கியதும் அவர்தான். “கையில எப்பவும் புஸ்தகம் வச்சிருக்கான் பாருங்க, இவன் எழுதட்டும்” என்றார். தேர்தல் அவ்வளவுதான்.

மூன்று நாளைக்கு ஒருமுறை காலையில் இரண்டு மணி நேரம் தெருக்குழாயில் தண்ணீர் வரும். வீட்டுக்கு நாலு குடம். முந்தின வாரம் குழாயடிச் சண்டையில் ஒரு பித்தளைக் குடம் நசுங்கி, ஒருவருக்கு நெற்றியில் தையல் போட்டிருந்தது. யாராவது ஒருவர் நின்று முறைப்படுத்த வேண்டும்.

“சம்பளம் கிடையாது. சேவை. யாரு வாரீய?” என்று கேட்டார் அண்ணாச்சி.

ஒருவரும் அசையவில்லை. கடையநல்லூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மீரா பீவி மட்டும் மெல்லிய குரலில், “ஆம்பளையள் எல்லாம் தறிக்குள்ள நூலு அந்துருச்சான்னு பாக்காவ” என்றார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மறுபடி அமைதி. நீண்ட அமைதிகள் எனக்குப் பிடிக்கும். அதை ரசித்துக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்போது பின்வரிசையில் முப்பிடாதியம்மாள் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். வீட்டில் தார் சுற்றுகிறவர்; அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூலைச் சுற்றிக் கூடத்துக்குக் கொடுப்பவர். எழுந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அண்ணாச்சி கை தட்டினார். கூடமே கை தட்டியது. கைதட்டல் ஓய்ந்தபோது முப்பிடாதியம்மாள் வாயை மூடியிருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“என்னவே, எழுதிட்டீரா?” என்று கேட்டார் அண்ணாச்சி.

எழுதிவிட்டேன்.

4

(இந்த இடத்தில் அண்ணாச்சியைக் கெட்டவராக்கிவிடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. நெற்றி உடைந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவர். அன்று கை தட்டியபோது அவர் முகத்தில் இருந்தது மெய்யான சந்தோஷம்.)

முப்பிடாதியம்மாளைப் பற்றியும் ஒரு சந்தேகம்: நான் அவரை ரொம்ப நல்லவராக எழுதுகிறேனோ? ஒருநாள், வரிசையை மீறி வைத்த குடத்தைக் காலால் எத்தி உருட்டிவிட்டார். அது அண்ணாச்சி வீட்டுக் குடம். பேசினால் நாக்கில் முள் இருக்கும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வேலை சுத்தம். வேப்பங்குச்சியால் ஒவ்வொரு குடத்தின் வாயிலும் தட்டிக்கொண்டே முறை சொல்வார். தன் குடத்தைக் கடைசியில் வைப்பார். பல நாள் அதன் முறை வருவதற்குள் குழாய் காற்றைத் துப்பத் தொடங்கிவிடும். மீரா பீவி தன் பங்கில் ஒரு குடத்தை அவர் வாசலில் இறக்கிவைப்பார்.

“யக்கா, கூட்டத்துக்குப் போனா நான் பாயோட ஒட்டிக்கிடுவேன். எந்திரிச்சாத்தான வம்பு.”

“போடி, உனக்கென்ன, துபாய்லருந்து உம் மாப்பிள்ளை தண்ணியும் சேத்து அனுப்பிருவாரு.”

தெருவில் சண்டை நின்றுபோனது. எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அதனால், அவரை அங்கிருந்து விடுவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

5

மார்கழியில் என் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, அந்தப் புஸ்தகத்துல என்னப் பத்தி என்ன எழுதியிருக்கீய? வாசிங்க.”

வாசித்தேன்.

“நானாவா வந்தேன்?”

நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

“தண்ணி வார அன்னைக்கு எனக்குத் தார் பிந்துது. தறி நிக்குதுன்னு முதலாளி சத்தம் போடுதாரு. தை பொறந்தா வேற ஆளப் பாத்துக்கிடுவாராம். அந்த வேலையும் போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு? அண்ணாச்சிட்ட போயி நின்னா, ‘நீதானம்மா முன்வந்த, புஸ்தகத்துலயே இருக்கே’ன்னு சிரிக்காரு.”

“அன்னைக்கு எதுக்கு அக்கா எந்திரிச்சீய?” என்று கேட்டேன்.

(இல்லை, கேட்கவில்லை. மூன்று பிரதிகளில் கேட்டதாக எழுதி, மூன்றிலும் அடித்துவிட்டேன். அவர் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருப்பதை நான் மரியாதை என்று நினைத்து வளர்ந்தவன். எதிரில் நிற்பவருக்கு அது பூட்டிய கதவாகவும் இருக்கலாம் என்று அன்று தெரியாது.)

கடைசியில், “கூட்டத்துலதான் திருத்த முடியும். எல்லார் முன்னாலயும்” என்றேன்.

“சரி. நீங்க அத வாசிக்கும்போது நான் எந்திரிப்பேன். நீங்க பேனாவ மூடாம வச்சிருங்க.”

6

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அதே கூடம், அதே பாய்கள். கடந்த கூட்டத்தின் நடவடிக்கைகளை வாசித்தேன். “தாமாக முன்வந்தார்” என்ற இடம் வந்ததும் முப்பிடாதியம்மாள் எழுந்தார்.

“நம்ம முப்பிடாதி இல்லேன்னா இந்தத் தெரு என்னத்துக்கு ஆவும்!” என்றார் அண்ணாச்சி. சொல்லிக்கொண்டே கைகளை உயர்த்தினார்.

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்றில் நான் எழுந்து, “நான் எழுதியது தப்பு” என்கிறேன். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் கைதட்டல் எனக்குக் கிடைக்கிறது.

இன்னொன்றில் மீரா பீவி பாயை விட்டு எழுந்து, “யாரும் தட்டாதீய, அவ வாயத் தொறக்கட்டும்” என்று கத்துகிறார். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் இதிலும் என் வேலையை இன்னொரு பெண் செய்கிறார்.

மூன்றாவதில் கூடம் கை தட்டுகிறது, அவர் உட்காருகிறார், நான் பேனாவை

(இதை முடிக்கமாட்டேன்.)

உண்மையில் நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லப்போவதில்லை. அவர் பேசும் முன்பே ஒருமுறை அவருக்காக எழுதி முடித்தவன் நான். இன்னொரு முறை அதைச் செய்வதற்கில்லை.

அதனால் கதை இங்கேயே நிற்கிறது. அவர் நின்றுகொண்டிருக்கிறார். அண்ணாச்சியின் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. என் பேனா திறந்திருக்கிறது. நீங்களும் இப்போது அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவர்மேல் எவ்வளவு அன்பிருந்தாலும் கை தட்டிவிடாதீர்கள். அவர் வாயெடுக்கிறார். கீழே இடம் விட்டிருக்கிறேன்.