பதினெட்டு விநாடி

நார்பர்ட் கிளைனுக்குத் தன் கடிகாரத்தின் மேல் அப்படியொரு கர்வம். அயோவாவின் அந்தச் சின்ன மைதானத்தில் மூன்றரை மணி நேரம் ஜவ்வாய் இழுத்த பேஸ்பால் ஆட்டம் இப்போது இரண்டரை மணியில் முடிகிறதென்றால், அது தன்னால்தான் என்பார். புது விதிப்படி, பந்து கைக்கு வந்த பதினெட்டு விநாடிக்குள் வீசியாக வேண்டும். தவறினால் ஒரு பந்து வீணானதாகக் கணக்கு. கடிகாரத்தை ஓடவிடும் பொத்தான், மைதானத்துக்கு மேலே கூண்டறையில் உட்கார்ந்திருக்கும் நார்பர்ட்டிடம்.

அன்று ஞாயிறு மதியம், கடைசிச் சுற்று, ஆட்டம் சமன். மூன்று தளங்களிலும் உள்ளூர் ஆட்கள். வெளியூர் அணியின் பந்துவீச்சாளர் வெண்டல் ஓக்ஸ் ஏற்கெனவே மூன்று பந்துகளை வீணாக்கியிருந்தார். நான்காவதும் வீணானால் மட்டைக்காரன் சும்மாவே முதல் தளத்துக்கு நடப்பான், மூன்றாம் தளத்தில் நிற்பவன் உள்ளே வந்து ஓட்டம் எடுப்பான், ஆட்டம் போச்சு. வெண்டலுக்கு முப்பத்து மூன்று வயது. இன்று சொதப்பினால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெண்டல் அணியின் பந்து பிடிப்பவனிடம் புதுப் பந்து ஒன்றைக் கொடுத்துவிட்டு, அம்பயர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, மட்டைக்காரன் காலடியில் பதித்திருந்த தரைத்தட்டைத் துடைத்தார். அவனோ பந்தை வெண்டலிடம் எறியாமல் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே நின்றான். வெண்டல் மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறானாம்! நார்பர்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யார்கிட்ட?" என்று முணுமுணுத்தவர், பந்து வெண்டலிடம் போகுமுன்பே பொத்தானை அழுத்திவிட்டார்.

ஏழு விநாடி அநியாயமாய் ஓடியது. வெண்டல் வீசக் கையைத் தூக்கியபோது பலகையில் பூஜ்யம். அம்பயர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்: நேரம் தாண்டியாச்சு, நான்காவதும் வீண், உள்ளூர் அணிக்கு வெற்றி.

"இப்பத்தான்யா பந்தே கைக்கு வந்துச்சு! மேல இருக்கறவன் குருடனா?"

வெண்டலின் கத்தல் உள்ளூர்க் கூட்டத்தின் ஆரவாரத்தில் அமுங்கிப்போனது. டிக்கெட் கிழிக்கும் லோர்னா ஓடிவந்து நார்பர்ட்டின் முதுகில் ஒரு அறை விட்டாள். "இன்னிக்கு ஹீரோ நீங்கதான்!"

அம்பயருடன் பேசும் கருவி எதிரிலேயே இருந்தது. ஒரு வார்த்தை போதும். நார்பர்ட் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

நார்பர்ட் வீட்டுக்குக் கிளம்பியபோது, வெளியூர் அணியின் பேருந்து நிற்குமிடத்தில் வெண்டல் அவரை நோக்கி நேராக வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நார்பர்ட் நினைத்தார். அடித்திருந்தால் தேவலை.

"சார், நீங்கதானே கடிகாரம் பாக்கறவரு? குருடன்னு கத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. மெஷின் பொய் சொல்லுமா? எனக்குத்தான் கை மந்தமாயிடுச்சு. கோச்சும் அதையேதான் சொன்னாரு. நாளையிலேர்ந்து வர வேண்டாம்னுட்டாரு."

சொல்லு, இப்போதாவது சொல்லித் தொலை என்று நார்பர்ட்டின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"பரவால்ல தம்பி," என்றார். "நான் அதை அப்பவே மறந்துட்டேன்."

வெண்டல் நன்றி சொல்லிக் கையை நீட்டினார். நார்பர்ட் அதைப் பிடித்துக் குலுக்கினார்.