மெல்போர்ன் கொட்டாவி

1

பினாங்கில் உட்கார்ந்தபடி, மெல்போர்னில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஒரு குழந்தையை என் ஒற்றை விரலால் கொட்டாவி விட வைத்தேன்.

நம்ப மாட்டீர்கள். இந்த வரியை எழுதிவிட்டு நானே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

கதை பிறந்தது என் நண்பன் காஜா மொய்தீனின் நாசி கண்டார் சோற்றுக் கடையில். "நல்லமுத்து, சுங்க இலாகாவுல இருந்தப்பவும் நீ இப்படித்தான் ரிப்போர்ட் எழுதுனியா?" என்று கேட்டான். இத்தனைக்கும் சம்பவத்தின்போது என் முதுகுக்குப் பின்னால் நின்றவன் அவன். எல்லாம் சரியாம், கொட்டாவி மட்டும் பொய்யாம். ஆகவே எழுதிக் காட்டுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்புத்துரை ஜன்னலருகே...' (மழை பெய்யவில்லை. விடுங்கள்.)

இரண்டாம் முயற்சி: 1999 ஆகஸ்ட். எங்கள் தெரு அப்புத்துரையின் மகள் புஷ்பராணிக்கு மெல்போர்னில் இரண்டு மாதம் முன்னதாகவே ஆண்பிள்ளை பிறந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளையின் பெட்டிக்கு மேல் ஒரு கேமரா. அது அவ்வப்போது படம் எடுத்து இணையத்தில் போடும். கடவுச்சொல் வைத்திருக்கும் உறவினர் பார்க்கலாம். "நல்லா இருக்கான்மா" என்றாள் மகள் போனில். அம்மா வள்ளிநாயகி நம்பவில்லை. கண்ணால் பார்க்காமல் சோறு இறங்காது என்று உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் வீட்டுக் கணினியில் செய்தி திறந்தது, கிரிக்கெட் திறந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நான் கணினி படித்தவன் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். (யாரோ அல்ல, நான்தான்.)

3

மோடத்தை அணைத்துப் போட்டேன். அது போட்ட கூச்சலில் நடுக்கடலில் ஃபெர்ரி நின்றுவிட்டது.

(காஜா, ஓரத்தில் பென்சிலால்: 'ஃபெர்ரி நிக்கல.')

போன் கம்பியைத் துடைத்தேன். உலாவியை அழித்து மறுபடி ஏற்றினேன். வங்கிப் பக்கத்தைத் தட்டினேன், அதுவும் வரவில்லை. பூட்டுப் படம் போட்ட பக்கங்கள் எல்லாமே அடம்பிடித்தன.

"உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு லா. அக்கரையில ஜுருவுலேர்ந்து கம்ப்யூட்டர் ஆளைக் கூப்பிடலாம்" என்றான் காஜா.

மானம் போகிறதே என்று தலையைக் குனிந்தேன். அப்போதுதான் திரையின் மூலையில் கண் பட்டது. தேதி: 2000 ஜனவரி.

4

இங்கே ஒரு பாத்திரம் எனக்கு ஒத்துழைக்க மறுக்கிறது. அப்புத்துரையை இரண்டு பக்கம் பேசவைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. உண்மையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கம்ப்யூட்டர் பெட்டி வந்த அன்னிக்கு அஷ்டமி அண்ணே."

நாள் பார்க்காமல் குண்டூசிகூட வாங்காத வீடு. கடைக்காரப் பையனோ வேறு நாள் வரமுடியாது என்றிருக்கிறான். வள்ளிநாயகி பஞ்சாங்கத்தைப் புரட்டி அடுத்த தை மாதத்தில் ஒரு நல்ல நாளைக் காட்ட, கணவர் பெட்டியின் தேதியை அங்கே நகர்த்தி வைத்துத்தான் முதன்முதலாக இணையத்தில் நுழைந்திருக்கிறார்.

"உலகமே ரெண்டாயிரம் வந்தா கம்ப்யூட்டர் செத்துடும்னு பயந்துக்கிட்டு இருக்கு. உங்க பெட்டி அங்க போய் குந்தியிருக்கே!" என்றான் காஜா.

விஷயம் இதுதான். பூட்டுப் போட்ட பக்கங்கள் உள்ளே வருமுன் ஓர் அடையாளப் பத்திரத்தைக் காட்டும். அந்தப் பத்திரங்களின் ஆயுள் அந்த வருடக் கடைசிவரைதான். அடுத்த வருடத்தில் வாழும் பெட்டி, 'காலாவதி' என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறது.

"ஒரு நிமிஷ வேலை. தேதியை இன்னிக்கு மாத்திடறேன்" என்றேன்.

வள்ளிநாயகி எழுந்து வந்து கீபோர்டின்மேல் கையை வைத்தார். "வேணாம் அண்ணே. நல்ல நாளை எடுத்துட்டா அஷ்டமியில தொடங்குனதா ஆயிடும். புள்ளை கண்ணாடிக்குள்ள கெடக்கு. இப்பப் போயா?"

யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த கேள்வியை நான் கேட்டதாக எழுத விரல் துடிக்கிறது. கேட்டது காஜா.

"அக்கா, பேரன் பொறந்தது என்ன நாளு?"

"அஷ்டமி" என்றார்.

"அவனோட தேதியை மாத்துவீங்களா?"

வள்ளிநாயகி கையை எடுத்தார். "அவன் நாளுக்கு என்ன குறைச்சல்? மாத்துங்க அண்ணே."

5

பக்கம் திறந்தது. படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. தொப்பி, நெற்றி, மூக்கில் ஒரு குழாய், மூடிய வாய். அப்படியே அசையாமல் கிடந்தான். நான் விரலால் 'மறுபடி ஏற்று' பொத்தானைத் தட்டினேன். மறுபடி தொப்பி, நெற்றி, குழாய். அதற்குக் கீழே முகத்தில் பாதி அளவுக்கு 'ஆ' என்று திறந்த வாய்!

"புள்ளைக்குத் தூக்கம் வருது, யாரும் சத்தம் போடாதீங்க" என்றார் வள்ளிநாயகி. நாங்கள் மூவரும் மெல்போர்னுக்குக் கேட்டுவிடாதபடி கிசுகிசுத்தோம். அவர் சோறு போட்டுக்கொள்ளப் போனார்.

6

முடிவு அ: பேரன் பெரியவனாகி விமானம் ஓட்டிக்கொண்டு எங்கள் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்குகிறான். முடிவு ஆ: பெட்டி நிஜமான 2000-ஐப் பார்த்து, 'ஏற்கெனவே வந்த இடம்தானே' என்று... வேண்டாம். பிள்ளை இப்போது வீட்டில் பால் குடிக்கிறான். மீதியை அவன் பார்த்துக்கொள்வான். கொட்டாவிக்குக் காரணம் என் விரலா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இதுவரை எழுதியதைக் காஜாவிடம் கொடுத்தேன். கல்லாவில் உட்கார்ந்தபடி இரண்டு முறை படித்தான். பென்சிலைக் காதில் செருகினான்.

"நீ தட்டுன, அவன் விட்டான். நடந்துச்சு லா" என்றான். "அவனைப் பாத்து எனக்கும் கொட்டாவி வந்துச்சு. உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் வாயைப் பொத்திக்கிட்டேன்."