குழாய்க்குள் நீண்ட வேர்

ஆம்பூரில் தோல் மண்டிக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிய வீட்டைப் பூங்குழலியும் அவள் கணவன் மதியழகனும் வாங்கிக் குடியேறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சுவரும் உத்தரமும் கல்லாக நின்றன. கழிவுநீர்க் குழாய்தான் படுத்தி எடுத்தது. குளியலறையில் ஊற்றிய தண்ணீர் கழிவறை வழியே மேலே பொங்கும். ஆசிட் ஊற்றினால் கொஞ்ச நாள் ஓடும், மறுபடி அடைத்துக்கொள்ளும். பூங்குழலி ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். அங்கே ஒரு தையல் பிசகினாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பவளுக்குத் தன் வீட்டுத் தரைக்கடியில் நடப்பது மட்டும் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கழிவுநீர் கூடத்துக்கே வந்துவிட்டது. மதியழகன் மேல்விஷாரம் வரை போய், கேமரா விட்டு அடைப்பைப் பார்க்கும் ஆபித் பாஷா என்ற பிளம்பரைக் கூட்டிவந்தான். ஆபித் தேங்கியதை இறைத்துவிட்டு, நுனியில் கேமரா வைத்த ஒயரைக் குழாய்க்குள் விட்டான். செல்போன் திரையில் பழைய மண் குழாய் சுரங்கம்போல நீண்டது. திடீரென வெளிர்நிறக் கற்றை ஒன்று வழியை மறித்தது.

"இன்னா அது, துணியா?" என்றான் மதியழகன்.

"வேரு சார். தரைய உடைச்சாதான் எவ்ளோ தூரம் போய்க்குதுன்னு தெரியும்."

உடைத்தார்கள். ஆபித் மண் குழாயை ஓடு ஓடாகப் பெயர்த்து எடுத்தபோது உள்ளே இன்னொரு குழாய் இருந்தது. வேராலான குழாய். ஆயிரமாயிரம் இழைகள் பின்னிப் பின்னி, மண் குழாயின் உருவத்தை அப்படியே எடுத்திருந்தன. வளைவு வந்த இடத்தில் வளைந்திருந்தது. இணைப்பு வந்த இடத்தில் வளையம் பதிந்திருந்தது. ஆபித் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினான். கூடம் முழுக்க நீட்டிப் போட்டும், வாசலைத் தாண்டி மிச்சம் கிடந்தது.

பூங்குழலி குனிந்து அது நுழைந்த இடத்தைத் தேடினாள். இரண்டு குழாய்கள் சேருமிடத்தில் ஊசி போகும் அளவுக்கு ஒரு சந்து. அதில் தையல் நூலைவிட மெல்லிய ஒற்றை இழை நுழைந்திருந்தது. அதன் வழியாகத்தான் இத்தனையும் வந்திருக்கிறது. திட்ட வாயெடுத்தவள் அந்த இழையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மஹ்பூபி வந்தாள். வேரைக் கண்டதும் முகம் மாறியது.

"எங்க நாவ மரமா?"

"சுவத்துக்கு அடியில பூந்து வந்துக்குதுக்கா," என்றான் ஆபித்.

மஹ்பூபி மெல்லச் சொன்னாள்: "எங்க கெணறு உப்பாயிடுச்சு. தென்ன போச்சு, முருங்க போச்சு. இதுக்கு நான் ஒரு சொம்பு தண்ணி ஊத்துனதில்ல. ஆனா வருஷா வருஷம் காய்க்குது. எப்படின்னு யோசிச்சிக்கினே இருந்தேன்."

பூங்குழலி வாசலுக்கு வந்து மதிலுக்கு மேலே பார்த்தாள். தெருவெங்கும் காய்ந்து கிடக்க, அந்த நாவல் மரம் மட்டும் கரும்பச்சையாக நின்றது. இவர்கள் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், எல்லாம் அவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கிறது. கண்ணில்லாத வேர், உப்பு மண்ணுக்குள் துழாவித் துழாவி இந்த வீட்டுத் தண்ணீரை மோப்பம் பிடித்து வந்திருக்கிறது.

"வெட்டணும்னு சொல்லுவியாம்மா?" என்று பூங்குழலியைக் கேட்டாள் மஹ்பூபி.

"புதுசா பி.வி.சி. போட்டு ஒட்டிட்டா வேரு உள்ள வராது," என்றான் ஆபித். "ஆனா மரத்துக்கு அப்புறம் தண்ணி கெடைக்காது."

மதியழகன் மனைவியைப் பார்த்தான்.

"கழிவறைக்குத் தனியா ஒரு பைப் போடுங்க," என்றாள் பூங்குழலி. "குளிக்கிற தண்ணி, துவைக்கிற தண்ணி ரெண்டையும் மதில்ல ஓட்ட போட்டு அந்தப் பக்கம் வுட்டுடுங்க. அக்கா, உங்களுக்குச் சம்மதமா?"

மஹ்பூபி அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

அந்த வாரமே வேலை முடிந்தது. பூங்குழலி முதல் வாளித் தண்ணீரைக் குளியலறையில் கொட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். மதிலிலிருந்து தண்ணீர் வழிந்து மரத்தடியில் பரவியது. ஒரு குமிழி, இன்னொரு குமிழி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டது. அவள் இன்னொரு வாளி ஊற்றத் திரும்பி ஓடினாள்.